கோட்டைக்குள் ஓர் ஊர்: கண்டிகோட்டையை முன்வைத்து ஓர் அறிமுகம்

அரசனும் அவன் குடும்பமும் வாழ்வதற்காகக் கட்டிய அரண்மனைக் கோட்டை ஒரு வகை. எல்லையைக் காக்கும் படைவீரர் மட்டும் தங்கியிருந்த காவற்கோட்டை இன்னொரு வகை. உழவர், கொல்லர், நெசவாளர், வணிகர், பூசகர் என்று ஒரு முழு ஊரையே மதிலுக்குள் வைத்துக்கொண்டு நின்ற கோட்டை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகையைக் கோட்டை ஊர் என்று அழைப்போம். அது எப்படி இயங்கியது, அதன் மதிலும் ஆறும் குளமும் களஞ்சியமும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருந்தன என்பதை, வரலாற்றில் முன்பயிற்சி இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு என்னும் ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் பெண்ணை ஆற்றின் தென்கரையில் இருக்கும் கண்டிகோட்டையை எடுத்துக்கொள்கிறேன். அங்கே மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஆகவே அது வெறும் இடிபாடு அல்ல.

சுற்றுலா விளம்பரங்கள் கண்டிகோட்டையை ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று அறிமுகப்படுத்துகின்றன. அந்த அடைமொழியால் ஆற்றின் மலைப்பிளவு பெரும்புகழ் பெற்றது. ஊரோ பின்னுக்குத் தள்ளப்பட்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பாறை விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பிளவின் அழகைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பிளவு அங்கே இருந்ததால்தான் அந்த ஊர் அங்கே வந்தது என்பதை அறிந்து பார்க்கும்போது இரண்டுமே தெளிவாகப் புலப்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிலமும் ஆறும்

தெலுங்கர் பென்னா என்று சொல்லும் இந்த ஆற்றைத் தமிழர் வடபெண்ணை என்பர். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் வழியாக வரும் தென்பெண்ணையும் இந்த வடபெண்ணையும் கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியிலேயே தோன்றுகின்றன. வடபெண்ணை வடக்கே சென்று, அனந்தபூர்ப் பகுதியைக் கடந்து, பிறகு கிழக்கே திரும்பி, கடப்பா, நெல்லூர் மாவட்டங்கள் வழியாக ஏறத்தாழ 600 கி.மீ. ஓடி வங்கக் கடலில் சேருகிறது. அவ்வாறு கிழக்கே வரும் வழியில் எர்ரமலை என்னும் செந்நிறக் குன்றுத்தொடர் குறுக்கிடுகிறது. ஆறு அக்குன்றுகளை அறுத்துக்கொண்டு செல்லும் இடத்தில்தான், இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்களைக் கொண்ட அந்தப் பிளவு உருவாகியிருக்கிறது. அதன் குறுகலான பகுதியின் அகலம் சுமார் 300 அடி.

இங்குள்ள பாறை குவார்ட்சைட் என்னும் வகையைச் சேர்ந்தது. பழங்காலக் கடற்கரை மணல் படிந்து, இறுகி, அழுத்தத்தில் கெட்டிப்பட்டு உண்டான இந்தப் பாறையின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மிகுதி. நிலவியலாளர் இந்தப் பாறை அடுக்குக்கே ‘கண்டிகோட்டை குவார்ட்சைட்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். இது கடப்பா படிவுப் படுகை என்னும் பெரும் பரப்பின் ஒரு பகுதி. தமிழ்நாட்டு வீடுகளின் அடுக்களைகளில் பதிக்கப்படும் கறுப்பு நிறக் கடப்பா கல்லும் அதே படுகையிலிருந்து வருவதுதான். குவார்ட்சைட் அடுக்கடுக்காகப் படிந்து, நெடுக்கிலும் குறுக்கிலும் விரிசல் விட்டிருப்பதால், பெரும் பெரும் கட்டைகளாகவே பிரிந்து நிற்கிறது. பிளவின் ஓரத்தில் நிற்கும் கற்களைப் பார்த்தால் யாரோ செதுக்கி அடுக்கியவை போலத் தோன்றும். கோட்டை கட்டியவர்களுக்கு இது பெரிய வசதி. கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே பெயர்த்துச் சீர்செய்து அடுக்கினால் போதும். மதிலும் குன்றும் ஒரே நிறத்தில் இருப்பதன் காரணம் இதுவே. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எது இயற்கை, எது கட்டுமானம் என்று பிரித்துச் சொல்வது சிரமம்.

ஆறு எதற்காக?

ஆற்றங்கரையில் கோட்டை கட்டியிருந்தால் குடிநீருக்காகவே கட்டியிருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. கண்டிகோட்டையில் அது பொருந்தாது. ஆறு ஊருக்கு வெகு ஆழத்தில், செங்குத்தான பாறைக்குக் கீழே ஓடுகிறது. அமைதிக் காலத்திலேயே அங்கிருந்து நீர் சுமந்து ஏறுவது பெரும்பாடு. பகைவன் எதிர்க்கரையில் வந்து நின்றுவிட்டால் அது முடியவே முடியாது. மேலும் இது ராயலசீமை என்னும் வறண்ட நிலப்பகுதி. கடப்பா மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மி.மீ. அளவே, பெண்ணையாறு பழங்காலத்திலும் ஆண்டு முழுவதும் நிறைந்து ஓடிய ஆறு அன்று. வெள்ளம் வரும்போது பெருகும், வெயிற்காலத்தில் மணலாகக் கிடக்கும். அத்தகைய ஆற்றை நம்பி ஓர் ஊர் முற்றுகையைத் தாங்க முடியாது.

ஆகவே இங்கே ஆறு செய்த வேலை நீர் தருவது அன்று; அகழியாக இருப்பது. சமவெளியில் கட்டிய கோட்டைக்கு ஆயிரக்கணக்கான ஆட்களைக் கொண்டு அகழி வெட்ட வேண்டும், அதில் நீர் நிறுத்த வேண்டும், தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். கண்டிகோட்டையில் அந்த வேலையை ஆறே பல லட்சம் ஆண்டுகளாகச் செய்து முடித்திருந்தது. அதைவிட முக்கியமானது, இந்த அகழியின் வலிமை நீரில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது என்பது. ஆற்றில் ஒரு சொட்டு நீர் இல்லாத கோடையிலும் அந்தப் பாறைச் சுவர் அப்படியே நிற்கும்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தை நினைவுகூர்வது பயன்படும். அது காவிரியின் நடுவில் ஒரு தீவில் அமைந்த கோட்டை நகரம். அங்கே ஆற்றின் நீர்தான் அரண். 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், பருவமழை தொடங்கிக் காவிரி பெருகுவதற்கு முன்பே, ஆங்கிலப் படை ஆழங்குறைந்த ஆற்றைக் கடந்து மதிலின் உடைப்பு வழியே உள்ளே புகுந்தது. திப்பு சுல்தான் அந்தப் போரிலேயே இறந்தார். சில வாரங்கள் கழித்து வந்திருந்தால் ஆறு அவர்களைத் தடுத்திருக்கக்கூடும். நீரை நம்பிய அரணுக்குப் பருவம் உண்டு; ஆழத்தை நம்பிய அரணுக்குப் பருவம் இல்லை. பழைய நூல்கள் நீரரண், மலையரண், காட்டரண் என்று அரண்களை வகைப்படுத்தியபோது இத்தகைய அனுபவ அறிவையே தொகுத்து வைத்தன. கண்டிகோட்டை ஆற்றங்கரையில் இருந்தாலும் இயல்பால் மலையரணே.

மதிலும் வாயிலும்

ஒரு பக்கத்தை ஆறு பார்த்துக்கொண்டபின், மனிதர் கட்ட வேண்டியது மற்றப் பக்கங்களை. ஏறத்தாழ ஐந்து மைல் சுற்றளவு கொண்டதாகச் சொல்லப்படும் இந்தக் கோட்டையின் மதில், குன்றின் மேற்பரப்பு திறந்த வெளியோடு சேரும் இடங்களில்தான் மிக உயரமாகவும் தடித்ததாகவும் எழுப்பப்பட்டிருக்கிறது. மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் கட்டுமானத்துக்குக் கொத்தளம் என்று பெயர். மதில் நேராக மட்டும் இருந்தால், அதன் அடியில் வந்து ஒட்டிக்கொண்ட பகைவனை மேலே நிற்பவர் காண முடியாது. கொத்தளம் வெளியே நீண்டிருப்பதால், அதில் நிற்கும் வீரர் இருபக்கமும் திரும்பி மதிலின் அடியைத் தாக்க முடியும். மதிலின் உச்சியில் பல்வரிசையாக அமைந்திருக்கும் மறைப்புகள் ஞாயில் எனப்படும். எய்தபின் மறைந்துகொள்ள அவை உதவும்.

வாயில், எந்தக் கோட்டைக்கும் பலவீனமான இடம். அதனால்தான் அதற்கு இவ்வளவு கவனம் கொடுக்கப்பட்டது. கண்டிகோட்டையின் முதன்மை வாயிலின் மரக்கதவுகளில் இரும்புத் தகடுகளும் கூரான முனைகளும் பதிக்கப்பட்டன. மத்தகத்தால் கதவை முட்டி உடைக்கப் பழக்கப்பட்ட யானைகளுக்கு எதிரான ஏற்பாடு அது. நுழைவுப் பாதை நேராகச் செல்லாமல் வளைந்து திரும்புகிறது. நேர்வழியில் ஓடிவந்து மோதும் யானைக்கும் விரைந்து வரும் குதிரைப்படைக்கும் அந்தத் திருப்பம் வேகத்தைக் கெடுக்கும். திரும்பும் நேரத்தில் அவர்கள் பக்கவாட்டில் மேலிருந்து வரும் தாக்குதலுக்கு இலக்காவார்கள்.

1652-ஆம் ஆண்டு ழான் பத்தீஸ்து தவெர்னியே என்னும் பிரெஞ்சு மணி வணிகர் மசூலிப்பட்டணத்திலிருந்து புறப்பட்டுச் சென்னை வழியாகக் கண்டிகோட்டைக்கு வந்தார். அவர் எழுதி வைத்த குறிப்பு இந்த இடத்தைப் பற்றிய மிக மதிப்புள்ள நேரடிச் சான்று. உயர்ந்த மலைமேல் அமைந்த இந்த ஊருக்கு ஏறும் பாதை சில இடங்களில் மிகக் குறுகலானது என்றும், ஊரைச் சுற்றிப் பாறைச் சரிவுகள் இருப்பதால் சமதரைப் பக்கத்தில் சில நூறு காலடி அகலத்தை மட்டும் காத்தால் போதும் என்றும், அந்தப் பக்கத்தில் செதுக்கிய கல்லால் மும்மதிலும் அகழியும் இருந்தன என்றும் அவர் சொல்கிறார். இவ்வளவு வலிய கோட்டைக்குள் இரண்டே இரும்புப் பீரங்கிகள் இருந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். கோட்டையின் காவல் ஆயுதத்தைக் காட்டிலும் இடத்தையே நம்பியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குளமும் களஞ்சியமும்

பகைவன் கோட்டையை இரண்டு வழிகளில் பிடிக்கலாம். மதிலை உடைத்து அல்லது ஏறிப் புகுவது ஒரு வழி. யாரும் வெளியே போகாமலும் எதுவும் உள்ளே வராமலும் சூழ்ந்து உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவர் பசியாலும் தாகத்தாலும் பணியும்வரை காத்திருப்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் முற்றுகை. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் முற்றுகையை அது தடுக்காது. முற்றுகையைத் தாங்குவது நீரும் தானியமும். கோட்டை ஊரைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் மதிலைப் பார்த்த அளவு நேரத்தைக் குளத்துக்கும் களஞ்சியத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கண்டிகோட்டைக்குள் ராயல செருவு என்னும் ஏரி இருக்கிறது. குன்றின் மேற்பரப்பில் பெய்யும் மழையும் பாறை விரிசல்களில் ஊறிவரும் ஊற்றுநீரும் சேர்ந்து தேங்கும் நீர்நிலை அது. கோட்டைக்குள்ளிருந்த தோட்டங்களுக்கும் அதிலிருந்தே பாசனம் நடந்தது. ஜும்மா மசூதிக்கு அருகில் படிக்கட்டுகளோடு அமைந்த இன்னொரு குளத்தைக் கத்துல கோனேரு, அதாவது கத்திகளின் குளம், என்று ஊரார் அழைக்கின்றனர்; போர் முடிந்து வந்த வீரர்கள் வாள்களை அங்கே கழுவினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மழை குறைந்த ஒரு நிலப்பகுதியில், வெளியேயிருந்து எந்தக் கால்வாயும் வர முடியாத ஒரு குன்றின்மேல், ஊர் முழுவதற்கும் நீரைச் சேர்த்து வைத்திருந்த அந்தத் திறமையை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதிலைப் பார்த்ததைவிட மிகுந்த வியப்பு உண்டாகிறது.

களஞ்சியம் மசூதிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வளைவுக் கூரை கொண்ட நீண்ட, பெரிய கட்டடம். இதன் அளவைக் கண்டு திகைப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு உதவும். ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ தானியம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 500 கிலோ தேவை. ஆறு மாத முற்றுகைக்கு 90 டன். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வேண்டிய தீவனம் இதில் சேரவில்லை. அவ்வளவு தானியத்தையும் ஈரம் படாமல், எலியும் பூச்சியும் அழிக்காமல், தீப்பிடிக்காமல் வைத்திருக்க வேண்டும். மரமும் கூரைப்புல்லும் தீக்கு இரையாகும் என்பதால் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட வளைவுக் கூரையே பொருத்தமானது. வளைவுக் கூரைக்குத் தூண்கள் மிகுதியாக வேண்டாததால் உள்ளே இடமும் அடைபடாமல் இருக்கும்.

மேலும், மலையின்மேலிருந்த சமவெளியில் நெல்லும் சிறுதானியமும் பயிரிடப்பட்டதாகவும், ஊற்றுகள் அந்த வயல்களுக்கு நீர் தந்ததாகவும் தவெர்னியே எழுதியிருக்கிறார். அப்படியானால் இந்த ஊரிலிருந்தவர்கள் சேமிப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. சேமிப்பு தீரத் தீர ஓரளவேனும் நிரப்பிக்கொள்ளவும் முடிந்தது. படைவீரர் மட்டும் தங்கும் காவற்கோட்டைக்கும் கோட்டை ஊருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. காவற்கோட்டை வெளியேயிருந்து வரும் உணவைத் தின்று தீர்க்கும். கோட்டை ஊரில் உழவன் இருக்கிறான். கொல்லன் இருக்கிறான், தச்சன் இருக்கிறான், கல் வேலை செய்பவன் இருக்கிறான். உடைந்த கதவும் மழுங்கிய வாளும் உள்ளேயே சரிசெய்யப்படும்.

ஆண்டவர்கள், வந்தவர்கள், போனவர்கள்

கல்யாணிச் சாளுக்கியருக்குக் கீழ்ப்பட்ட காக்கராசன் என்னும் தலைவன் 1123-ஆம் ஆண்டில் இங்கே முதலில் ஓர் அரணை அமைத்தான் என்று மரபு வரலாறு கூறுகிறது. ஊர்தோறும் கணக்கர்களிடமும் முதியவர்களிடமும் கேட்டு எழுதப்பட்ட இத்தகைய மரபு வரலாறுகளுக்குக் கைபீது என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி என்னும் நில அளவை அதிகாரி அவற்றைப் பெருமளவில் திரட்டினார். கைபீதுகளில் புராணமும் செவிவழிச் செய்தியும் உண்மை நிகழ்ச்சியும் கலந்தே இருக்கும். ஆகவே அவை தரும் ஆண்டுகளைக் கல்வெட்டோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

கண்டிகோட்டை அதன் பெருமையின் உச்சத்தைத் தொட்டது விஜயநகரப் பேரரசின் காலத்தில். அப்பேரரசில் நாயக்கர் என்னும் தலைவர்களுக்கு ஒரு நிலப்பகுதியின் வருவாயைப் பெறும் உரிமை வழங்கப்பட்டது. அதற்கு ஈடாக அவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் காலாட்களையும் குதிரைகளையும் யானைகளையும் பேரரசுக்காகப் பராமரிக்க வேண்டும், வருவாயில் ஒரு பங்கையும் செலுத்த வேண்டும். கண்டிகோட்டைச் சீமையை இம்முறையில் ஆண்டவர்கள் பெம்மசானி நாயக்கர்கள். அவர்களில் பெம்மசானி ராமலிங்க நாயுடு, 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் புகழ்பெற்ற படைத்தலைவர்களில் ஒருவர். அருகிலுள்ள தாடிபத்ரியில் நுண்ணிய சிற்பங்களால் பெயர்பெற்ற கோயில்களின் திருப்பணியோடும் இக்குடும்பம் தொடர்புடையது. கண்டிகோட்டைக்குள் இருக்கும் மாதவராயர் கோயிலும் ரங்கநாதர் கோயிலும் விஜயநகரக் கட்டடக்கலையின் வழிவந்தவை. மாதவராயர் கோயிலின் உயர்ந்த கோபுரம் ஊரின் எந்தப் பகுதியிலிருந்தும் கண்ணில் படும். கருவறைகளில் இன்று மூலவர் இல்லை. மண்டபத் தூண்களின் சிற்பங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றபின் பேரரசின் தலைநகரம் பெனுகொண்டாவுக்கும் பிறகு சந்திரகிரிக்கும் வேலூருக்கும் இடம் மாறியது. வடக்கேயிருந்து வரும் கோல்கொண்டாச் சுல்தானியப் படைகளுக்குக் குறுக்கே நின்ற கோட்டைகளில் கண்டிகோட்டையும் ஒன்று. அது விழுந்தது 1650-இல். அதைப் பிடித்தவர் மீர் ஜும்லா. பாரசீகத்தில் பிறந்து, வைர வணிகத்தில் செல்வம் சேர்த்து, கோல்கொண்டாவின் அப்துல்லா குதுப் ஷாவுக்கு முதன்மை அமைச்சராக உயர்ந்தவர் அவர். சென்னையிலிருந்த ஆங்கிலக் கம்பெனியாரும் அவருடைய தயவை நாடி நிற்க வேண்டியிருந்தது. டச்சுக்காரரிடம் பணியாற்றி விலகிவந்த பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேய, டச்சு, இத்தாலியப் பீரங்கி வீரர் சிலரும் துணை செய்யாவிட்டால் மீர் ஜும்லா இந்தக் கோட்டையைப் பிடித்திருக்க முடியாது என்கிறார் தவெர்னியே. இடத்தின் வலிமையை நம்பிய அரண், சுழற்றிக் குறிவைக்கத் தெரிந்த பீரங்கிப்படையின் முன் ஈடுகொடுக்க முடியாத காலம் வந்துவிட்டது. கோயில்களின் செப்புத் திருமேனிகளைத் திரட்டி உருக்கிப் பீரங்கி வார்க்க மீர் ஜும்லா ஒரு பிரெஞ்சுக்காரரை அமர்த்தினார் என்றும், அந்த முயற்சி நிறைவேறவில்லை என்றும் அதே குறிப்பு கூறுகிறது. அழகான ஜும்மா மசூதி குதுப் ஷாகி ஆட்சியின் கட்டடப் பாணியில் இங்கே எழுந்தது. முன்வளைவுகளும் இரு மினார்களும் கொண்ட அதன் முற்றத்தில் நின்றால், கோயில் கோபுரமும் களஞ்சியமும் ஒருங்கே தெரிகின்றன.

இந்த வீழ்ச்சியின் அலை தமிழகத்தையும் தொட்டது. தென்தமிழகத்தில் வாழும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் சில, தங்கள் முன்னோர் கண்டிகோட்டையிலிருந்து வந்தவர்கள் என்னும் மரபைப் போற்றி வைத்திருக்கின்றன.

அதன்பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மீர் ஜும்லா முகலாயர் பக்கம் சேர்ந்தார். 1687-இல் கோல்கொண்டாவையே ஔரங்கசீப் கைப்பற்றினார். கண்டிகோட்டை கடப்பா நவாபுகளின் கைக்கும், பின்னர் மைசூரின் ஹைதர் அலி கைக்கும் போயிற்று. 1791-இல், திப்புவுடன் நடந்த போரின்போது கேப்டன் லிட்டில் தலைமையிலான படை அதைப் பிடித்தது. 1800-இல் ஹைதராபாத் நிஜாம் இந்தப் பகுதி முழுவதையும் ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். தாமஸ் மன்றோ அதன் முதல் தலைமை ஆட்சியராக வந்தார்.

ஊர் ஏன் தேய்ந்தது?

இதற்குப் பலரும் போரையே காரணமாகக் கருதுகிறார்கள். என் பார்வையில் போரைவிடப் பெரிய காரணம் போர் இல்லாமற்போனது. கம்பெனி ஆட்சியில் உள்நாட்டுக் கோட்டைகளுக்கு வேலை இல்லை. படை இல்லையென்றால் படைக்கு வேண்டிய வாளும் சேணமும் துணியும் தானியமும் விற்பவருக்கு வாடிக்கை இல்லை. வரி வசூல், நீதி, சந்தை எல்லாம் சமவெளியில், வண்டிப்பாதை எளிதாகப் போகும் ஊர்களில் நிலைபெற்றன. எந்த உயரமும் குறுகலான பாதையும் ஒருகாலத்தில் ஊரைக் காத்தனவோ, அவையே அமைதிக் காலத்தில் ஊருக்குச் சுமையாயின. ஜம்மலமடுகு வளர்ந்தது, கண்டிகோட்டை சிறு கிராமமாயிற்று. உலகின் பல கோட்டை ஊர்களுக்கும் இதே கதிதான். அதே சமயம், வளர்ச்சி அங்கே போகாததால்தான் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்ட வேண்டிய தேவையும் எழவில்லை. இன்று நாம் காணும் மதிலும் களஞ்சியமும் பிழைத்தது ஓரளவு அந்தப் புறக்கணிப்பால்.

மரபுச்சின்னமாகவும் குடியிருப்பாகவும்

இக்கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மக்கள் வாழாத ஒரு கோயிலுக்கோ கல்லறைக்கோ இந்த விதி எளிதில் பொருந்தும். மதிலுக்குள்ளேயே வீடுகள் இருக்கும் இடத்தில் அது அன்றாட வாழ்க்கையைத் தொடும் விதி. குடும்பம் பெருகினால் ஓர் அறை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும், கழிப்பறை வேண்டும், குடிநீர்க் குழாய் வேண்டும். அவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வெளியேயிருந்து வந்து பார்த்துப் போகும் நமக்கு இல்லை.

ஆனால் கவனமின்றிச் செய்தால் என்ன நேரும் என்பதை ராஜஸ்தானின் ஜெய்சால்மர் காட்டுகிறது. மக்கள் வாழும் இந்தியக் கோட்டைகளில் மிகப் பெயர்பெற்றது அது. பாலைநில வாழ்க்கைக்காக, குடம் குடமாக அளந்து பயன்படுத்தும் நீருக்காக அமைந்த அந்த ஊருக்குள் குழாய்நீரும் விடுதிகளும் வந்தபோது, வடிகால் போதாமல் கழிவுநீர் குன்றின் களிமண் அடுக்குக்குள் இறங்கியது. அடித்தளம் நெகிழ்ந்து கொத்தளங்கள் சரிந்தன. கண்டிகோட்டையின் அடியில் இருப்பது கெட்டியான குவார்ட்சைட் என்பதால் அதே ஆபத்து அதே அளவில் இல்லை. எனினும் சுற்றுலாவை வளர்க்கும் முன் வடிகாலைத் திட்டமிட வேண்டும் என்னும் பாடம் இங்கும் பொருந்தும். கொட்டகைகளும் கடைகளும் வாகன நிறுத்தமும் முதலில் வந்து, கழிவுநீர் எங்கே போகும் என்னும் கேள்வி கடைசியில் எழுவதையே நாடெங்கும் காண்கிறோம். ராயல செருவுக்கு நீர் கொண்டுவரும் சரிவுகள் மறிக்கப்பட்டால், மதில்கள் எவ்வளவு நன்றாகச் செப்பனிடப்பட்டாலும், இந்த ஊரை இயக்கிய அமைப்பு அழிந்ததாகவே பொருள்.

ஆற்றின் நிலையும் மாறிவிட்டது. பெண்ணையின் குறுக்கே மேல்புறத்தில் 26.85 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட கண்டிகோட்டை நீர்த்தேக்கமும், கீழ்ப்புறத்தில் மைலவரம் அணையும் உள்ளன. வறண்ட ராயலசீமைக்குப் பாசனநீர் தரும் நீர்த்தேக்கம் மேல்புறத்து ஊர்கள் சிலவற்றை மூழ்கடித்தது. அங்கிருந்த மக்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். பிளவுக்குள் தெரியும் நீரின் உயரம் இப்போது மழையை மட்டும் பொறுத்ததாக இல்லை. அணைகளில் எவ்வளவு தேக்குகிறார்கள் என்பதையும் பொறுத்தது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் வெயில் கடுமையான மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களைத் தவிர்த்து, அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் செல்வது நல்லது. வாயிலின் திருப்பத்தில் சற்று நின்று, மேலேயுள்ள கொத்தளத்திலிருந்து பாதையின் எந்தப் பகுதி கண்ணுக்குப் படும் என்று பார்க்கலாம். பிறகு தெருவின் நடுவே நிற்கும், ஊரார் சார்மினார் என்று சொல்லும் புறாக் கோபுரத்தைக் கடந்து, களஞ்சியத்துக்கும் கத்துல கோனேருக்கும் ராயல செருவுக்கும் போகலாம்; ஏரியில் நீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேருகிறது என்று நிலத்தின் சரிவைக் கவனித்தால் அமைப்பின் பெரும்பகுதி விளங்கிவிடும். அதன் பின்னர் பிளவின் விளிம்புக்குச் செல்வதே முறையான வரிசை. விளிம்பில் பெரும்பாலான இடங்களில் தடுப்பு எதுவும் கிடையாது, பாறைகளும் தளர்ந்து கிடக்கும். குழந்தைகளோடு செல்வோர் கையை விடாமல் இருக்க வேண்டும். வழியில் இருப்பவை வீடுகள் என்பதால், திண்ணையில் இருப்பவர்களைப் படம் எடுக்கும் முன் அவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.